எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் இருப்பவர்களுக்கும் பல் சிகிச்சை: கிளினிக்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தால் எச்.ஐ.வி. உள்ள ஒருவர், போதைப் பழக்கத்தோடு போராடும் ஒருவர் என்று பலரும் உங்கள் முன் வாய் திறந்து உட்காருவார்கள். அவர்களில் பாதிப் பேரைப் பற்றி உங்களுக்குத் தெரியாமலேயே போகலாம். தெரியவரும்போது என்ன செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இளம் பல் மருத்துவர், உதவியாளர், வரவேற்பு மேசையில் இருப்பவர் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முகத்துக்கு நேராகத் திட்டி அனுப்புவது இப்போது குறைந்துவிட்டது. ஆனால் "எல்லாரும் போன பிறகு கடைசியா வாங்க" என்பது இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் இரண்டு ஜோடிக் கையுறை போடுவது, நாற்காலி முழுக்கப் பிளாஸ்டிக் சுற்றுவது, கோப்பின் மேல் சிவப்பு மையில் எழுதுவது, வேர் சிகிச்சையில் காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கி அனுப்பிவிடுவது எல்லாம் இருக்கின்றன. இவை எல்லாமே பழக்கமாகிப்போன வேலைமுறைகள். அதனால் வேலைமுறையை மாற்றினாலே பெரும்பகுதி சரியாகிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஊழியர்களின் மனசு முதலில் மாறட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஒரே மாதிரி வேலை செய்யத் தொடங்கினால் பயம் தானாகவே குறையும்.

முதல் படி: பயத்தை எண்களோடு வைத்துப் பாருங்கள்

எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி கையில் குத்திவிட்டால் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். அதாவது அப்படிக் குத்துப்பட்ட ஆயிரம் பேரில் சுமார் 3 பேருக்கு. இதுவும் சிகிச்சை எடுக்காத நோயாளிகளையும் சேர்த்துப் போட்ட பழைய கணக்கு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாத ஒருவருக்கு அதே மாதிரி குத்துப்பட்டால் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை போகும். ஆனாலும் ஹெபடைடிஸ் பி என்ற பெயரைக் கேட்டு யாரும் நாற்காலியை விட்டு ஓடுவதில்லை. பயம் ஆபத்தின் அளவைப் பின்பற்றுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். நீங்கள் இன்னும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடவில்லை என்றால், இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு முதலில் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இரத்தம் கலக்காத எச்சிலால் எச்.ஐ.வி. பரவுவதில்லை. காயமில்லாத தோலில் இரத்தம் பட்டாலும் பரவாது. கருவிகளை நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவைப் பற்றியும் கேட்பார்கள்: "அந்த ஆளுக்குப் பயன்படுத்திய கருவியைத் தனியாக இரண்டு தடவை போட வேண்டாமா?" வேண்டாம். ஆட்டோகிளேவ் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க நாம் பயன்படுத்துவது வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரிய வித்துகளை. அவற்றோடு ஒப்பிட்டால் எச்.ஐ.வி. மிக எளிதில் அழிந்துபோகும் கிருமி. 134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் வைக்கும் வழக்கமான சுற்று எல்லாக் கருவிக்கும் போதும். அது போதாது என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால், அந்தச் சந்தேகம் எல்லா நோயாளிகளையும் பற்றியதாக இருக்க வேண்டும்.

தொடர்ந்து மருந்து எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பது பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. ஊசிக் குத்துக்கு அதே வார்த்தையை அப்படியே சொல்லிவிட முடியாது. ஆனால் வைரஸ் அளவு குறையக் குறைய அங்கேயும் ஆபத்து குறைகிறது.

இரண்டாம் படி: எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு

1987-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், யாருடைய இரத்தமாக இருந்தாலும் தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்று அறிவுறுத்தியது. 1996-ல் அது இன்னும் விரிந்து எல்லா நோயாளிகளுக்குமான பொதுப் பாதுகாப்பு முறையாக ஆனது. இன்று உலகம் முழுவதும் பல் மருத்துவத்தில் இதுதான் அடிப்படை.

இதற்கு எளிய காரணம் உண்டு. புதிதாகத் தொற்று ஏற்பட்டவரின் பரிசோதனை முதல் சில வாரங்களுக்கு "இல்லை" என்றே காட்டலாம். பலர் பரிசோதனையே செய்துகொண்டிருக்க மாட்டார்கள். பல் பிடுங்குவதற்கு முன் எல்லோரையும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்லும் கிளினிக், "இல்லை" என்ற தாளை நம்பிக் கையுறையைச் சரியாக மாற்றாமல் விடும் பழக்கத்துக்குத்தான் போய்ச் சேரும். தன் நிலையை நேர்மையாகச் சொன்னவருக்கு அவமானம், சொல்லாதவருக்கு அரைகுறைப் பாதுகாப்பு என்று அது முடியும்.

நடைமுறையில் ஒரு கேள்வி போதும்: "அடுத்து உட்காரப்போகிறவருக்கும் இதையே செய்வேனா?" அறுவை சிகிச்சைக்கு இரண்டு கையுறை போடுவது உங்கள் கிளினிக்கின் வழக்கம் என்றால் சரி, எல்லா அறுவை சிகிச்சைக்கும் போடுங்கள். பல்லைக் குடையும் கருவியான ஹேண்ட்பீஸை ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கிருமிநீக்கம் செய்யுங்கள், வெறுமனே துடைத்துவிட்டு அடுத்தவருக்கு மாட்டாதீர்கள். மேற்பரப்புகளைத் துடைக்கும் திரவம், காத்திருக்கும் நேரம், கழிவுப் பை எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். இந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வரும் எந்த வேலையும் பாதுகாப்புக்காகச் செய்யப்படுவது இல்லை.

அப்படியே கடைசி நேர அப்பாயின்ட்மென்ட்டையும் நிறுத்துங்கள். காலையில் முதல் ஆளாக எச்.ஐ.வி. உள்ளவர் வந்தால் அன்றைய நாளில் எதுவும் மாறத் தேவையில்லை.

மூன்றாம் படி: வரவேற்பு மேசை

ஒதுக்குதலை நோயாளி முதலில் உணரும் இடம் இது. மருத்துவர் எவ்வளவு அன்பாக இருந்தாலும், வாசலில் பட்ட காயத்தோடு உள்ளே வருபவர் எதையும் திறந்து பேச மாட்டார்.

உடல்நலக் கேள்வித்தாளை எல்லோருக்கும் கொடுங்கள். எழுதத் தெரியாதவருக்கு உதவ வேண்டுமானால் தனி அறைக்கு அழைத்துப்போய்க் கேளுங்கள். காத்திருப்பவர்கள் காதில் விழும்படி, "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? எதுக்கு?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பொய்தான் பதிலாக வரும், அந்தப் பொய் பிறகு மருந்து எழுதும்போது ஆபத்தாக முடியும்.

கோப்பில் எச்.ஐ.வி. நிலை இருக்க வேண்டிய இடம் உள்ளே, மருத்துவ வரலாற்றுப் பகுதியில். அட்டையில் ஒட்டும் வண்ணப் புள்ளி, ஓரத்தில் எழுதும் சங்கேத எழுத்து, கணினித் திரையில் பெயருக்குப் பக்கத்தில் மின்னும் எச்சரிக்கை எதுவும் வேண்டாம். கூட வந்திருக்கும் மனைவிக்கோ அம்மாவுக்கோ விஷயம் தெரிந்திருக்கும் என்று நீங்களாக முடிவுசெய்யாதீர்கள். மருந்துச் சீட்டைக் கொடுக்கும்போதும், தொலைபேசியில் அப்பாயின்ட்மென்ட்டை நினைவூட்டும்போதும் கவனம் தேவை. யாருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டால், அந்தச் சிகிச்சையைச் செய்ய அந்தத் தகவல் தேவைப்படுபவருக்கு மட்டும்.

நான்காம் படி: கேட்கும் விதம்

போதைப் பழக்கத்தைப் பற்றிக் கேட்கத் தயங்கி, பலர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஆளின் உடையையும் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிலரிடம் மட்டும் கேட்கிறார்கள். இரண்டும் தவறு. எல்லோரிடமும் கேளுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்:

"இது நாங்க எல்லார்கிட்டயும் கேட்கிறதுதான். மரத்துப்போற ஊசியும் வலி மாத்திரையும் உங்களுக்கு ஒத்துக்கணும், அதுக்காகத்தான். மது, புகையிலை, வேற ஏதாவது பழக்கம் இருக்கா? கடைசியா எப்ப எடுத்தீங்க?"

பதிலைக் கேட்டுவிட்டு "சொன்னதுக்கு நன்றி, இது எனக்கு உதவும்" என்று சொல்லி வேலையைத் தொடருங்கள். புருவத்தை உயர்த்தாதீர்கள், அறிவுரையை அங்கேயே தொடங்காதீர்கள். "எப்படி வந்தது?" என்று எச்.ஐ.வி. உள்ளவரிடம் கேட்பதற்குப் பல் சிகிச்சையில் எந்தக் காரணமும் இல்லை. குறிப்பெழுதும்போது "குடிகாரர்", "அடிமை", "எய்ட்ஸ் கேஸ்" போன்றவற்றைத் தவிர்த்து உள்ளதை எழுதுங்கள்: "தினமும் மது அருந்துகிறார்", "மெத்தடோன் சிகிச்சையில் இருக்கிறார்" (மெத்தடோன் என்பது ஹெராயின் போன்ற போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் மருந்து). அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு உள்ளே வரும் அடுத்த மருத்துவர் எந்த முகத்தோடு வருவார் என்பது நீங்கள் எழுதியதைப் பொறுத்தது.

ஐந்தாம் படி: எச்.ஐ.வி. உள்ளவருக்குச் சிகிச்சை

சிகிச்சையில் நிலையாக இருப்பவருக்குப் பல் சுத்தம் செய்வது, அடைப்பது, வேர் சிகிச்சை, பிடுங்குவது, செயற்கைப் பல் எல்லாம் மற்றவர்களுக்குப் போலத்தான். சி.டி.4 (எதிர்ப்புச் சக்தி தரும் ஒரு வகை இரத்த அணு) எண்ணிக்கை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பல் பிடுங்கினால் உடனே ஆன்டிபயாட்டிக் என்ற பழக்கமும் தேவையில்லை. நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை 500-க்குக் கீழே இருக்கிறதா, இரத்தத் தட்டுகள் 50,000-க்குக் கீழே போய்விட்டனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அவருடைய மருத்துவரோடு பேசிவிட்டுச் செய்யுங்கள். இவை இரத்த நோய் உள்ள எவருக்கும் நீங்கள் பார்ப்பவைதான்.

மருந்துகள் சேரும் இடத்தில் உண்மையான கவனம் வேண்டும். ரிட்டோனவிர் அல்லது கோபிசிஸ்டாட் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்கு வாய்வழி மிடாசொலாம், டிரையாசொலாம் என்ற மயக்க மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. மயக்கம் ஆபத்தான அளவுக்கு நீளும். டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்குச் சிறுநீரகத்தில் குறை இருந்தால் இபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகளை யோசித்துக் கொடுங்கள். நோயாளி தன் நிலையை உங்களிடம் சொல்வதால் கிடைக்கும் பலன் இதுதான். சொன்னால் அவமானப்படுவோம் என்று அவர் நினைத்தால் இந்தத் தகவல் உங்களுக்கு வராது.

வாயைப் பார்ப்பவர் என்ற முறையில் உங்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. துடைத்தால் வந்துவிடும் வெள்ளைப் படலமான பூஞ்சைத் தொற்று, நாக்கின் ஓரத்தில் துடைத்தாலும் போகாத வெள்ளைக் கோடுகள், அண்ணத்தில் ஊதா நிறத் திட்டு, ஈறு அழுகி விரைவாக எலும்பு தெரிவது ஆகியவை எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதைக் காட்டலாம். தன் நிலை தெரியாத ஒருவரிடம் இதைப் பார்த்தால், கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். "வாயில சில மாற்றம் தெரியுது. பல காரணம் இருக்கலாம். ஒரு இரத்தப் பரிசோதனையில எச்.ஐ.வி.யும் சேர்த்துப் பார்த்தா நல்லது. இருந்தாலும் இப்ப நல்ல மருந்து இருக்கு" என்ற அளவில் சொல்லி, எங்கே போக வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

ஆறாம் படி: போதைப் பழக்கமும் வலியும்

எனக்கு இதுதான் இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி. எச்.ஐ.வி. பற்றிய பயம் ஓரளவு குறைந்திருக்கிறது. போதைப் பழக்கத்தில் இருப்பவரைப் பார்க்கும் பார்வை இன்னும் கடுமையாகவே இருக்கிறது. "தானே கெடுத்துக்கொண்டது" என்ற எண்ணம் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

அந்தப் பற்கள் எப்படிக் கெட்டன என்று புரிந்துகொள்ளுங்கள். மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருள் வாயை உலர வைக்கிறது, பல்லைக் கடிக்க வைக்கிறது. தாகத்துக்கு இனிப்புப் பானம் குடிக்கிறார்கள். ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகைகளும் எச்சிலைக் குறைக்கின்றன. சர்க்கரை சேர்ந்த மெத்தடோன் திரவம் தினமும் பற்களில் படுகிறது. மீண்டு வருவதற்கான மருந்தே பல்லைத் தொடும் இடங்களும் உண்டு: வாயில் கரையும் புப்ரெனார்பின் பற்றி 2022 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பல் சிக்கல்களுக்காக எச்சரிக்கை தந்தது. மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். மருந்து முழுவதும் கரைந்த பிறகு ஒரு பெரிய மிடறு தண்ணீரை வாயில் மெதுவாகச் சுழற்றி விழுங்க வேண்டும். பல் துலக்குவதற்கு முன் ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். அதிக ஃப்ளூரைடு உள்ள பற்பசை எழுதிக் கொடுங்கள். சிதைந்த பற்களின் படங்களைக் காத்திருப்பு அறையில் பயமுறுத்துவதற்காக ஒட்டியிருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவர் வாயை மூடிக்கொண்டு எழுந்து போக அந்தப் படம் ஒன்றே போதும்.

வலி என்று வருபவரிடம் "மாத்திரைக்காக வந்திருக்கிறார்" என்று சந்தேகப்படுவது வழக்கமாகிவிட்டது. நீண்ட நாள் ஓபியாய்டு எடுத்தவர்களுக்கு வலி உண்மையிலேயே கூடுதலாகத் தெரியும். அவர் தினமும் எடுக்கும் மெத்தடோனோ புப்ரெனார்பினோ இந்தப் பல் வலிக்குப் போதாது. அதனால் வாயைத் திறந்து பாருங்கள், எக்ஸ்ரே எடுங்கள், தட்டிப் பாருங்கள். காரணம் தெரிந்துவிட்டால் வலியைத் தீர்ப்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது: வேர்க் குழியைத் திறப்பது, சீழை வெளியேற்றுவது, நன்றாக மரத்துப்போகச் செய்வது.

வலி மாத்திரையில் முதல் தேர்வு யாருக்கும் ஓபியாய்டு கிடையாது. இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலான பல் வலிக்கு நன்றாகவே வேலை செய்கிறது. இதை எல்லோருக்கும் வழக்கமாக வைத்துக்கொண்டால் ஒருவருக்கு மட்டும் மறுத்தது போலவும் ஆகாது. அதிகமாக மது அருந்துபவருக்குப் பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம், கல்லீரலும் இரத்தம் உறைவதும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். போதைப் பழக்கத்தை விட உதவும் நால்ட்ரெக்சோன் எடுப்பவருக்கு ஓபியாய்டு வேலையே செய்யாது. மதுவை விட உதவும் டைசல்ஃபிராம் எடுப்பவருக்கு ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பான் கூடாது, மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும் கூடாது. கொக்கெய்ன் அல்லது மெத்தாம்பெட்டமின் எடுத்து 24 மணி நேரம் ஆகாதவருக்கு அட்ரினலின் கலந்த மரத்துப்போகும் ஊசி இதயத்துக்கு ஆபத்து. "கடைசியா எப்ப எடுத்தீங்க" என்ற கேள்வி இதற்காகத்தான்.

சில வேளைகளில் ஓபியாய்டு தவிர்க்க முடியாமல் தேவைப்படலாம். அப்போது அவருடைய சிகிச்சை மருத்துவரோடு பேசி, மிகச் சில நாளுக்கு மட்டும், நோயாளி சம்மதித்தால் வீட்டில் நம்பிக்கையான ஒருவர் பொறுப்பில் கொடுங்கள். ஊசியால் போதை எடுத்து மீண்டு வந்தவர்களில் சிலருக்குச் சிரிஞ்சைப் பார்ப்பதே பழைய ஏக்கத்தைக் கிளறும். கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்கு முன்பு இதய உள்சவ்வில் தொற்று வந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். வந்திருந்தால் பல் பிடுங்குவதற்கு முன் தடுப்பு ஆன்டிபயாட்டிக் தேவை.

போதையில் வருபவரிடம் சிகிச்சைக்கு முறையான சம்மதம் வாங்க முடியாது. அவசரமில்லாத வேலை என்றால் அடுத்த நாளுக்கான நேரத்தை அப்போதே எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். முகம் வீங்கி, காய்ச்சலோடு, விழுங்க முடியாமல் வந்திருந்தால் அது அவசரம், அன்றே பார்க்க வேண்டும், போதை இருந்தாலும் இல்லாவிட்டாலும். தினமும் மருந்து வாங்க மையத்துக்குப் போக வேண்டியவருக்கு அந்த நேரம் முடிந்த பிறகு அப்பாயின்ட்மென்ட் கொடுங்கள். வராமல் போனவர் என்று நாம் எழுதிவைக்கும் பலர், மருந்துக்கும் பல்லுக்கும் ஒரே நேரம் கொடுக்கப்பட்டவர்கள்தான்.

புகையிலையும் மதுவும் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடும். நாக்கின் ஓரங்களையும் நாக்கின் அடியையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள், இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண்ணை விட்டுவிடாதீர்கள். பழக்கத்தை விடுவது பற்றிப் பேசலாமா என்று அனுமதி கேட்டுவிட்டுப் பேசுங்கள். வேண்டாம் என்றால் சரி, அடுத்த முறை கேட்கலாம்.

ஏழாம் படி: வேறு இடத்துக்கு அனுப்புவது

மறுப்பு பெரும்பாலும் இந்த உருவில்தான் வரும். அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவர், எச்.ஐ.வி. இருந்தும் நோய் அறிகுறி எதுவும் இல்லாத பெண்ணின் சொத்தைப் பல்லைக் கிளினிக்கில் அடைக்க மறுத்தார். பெரிய மருத்துவமனையில் வைத்துச் செய்கிறேன், அங்கே ஆகும் செலவை நீங்கள் கட்டுங்கள் என்றார். பிராக்டன் எதிர் அபட் என்ற அந்த வழக்கில், அறிகுறி இல்லாத எச்.ஐ.வி.யும் ஊனமுற்றோர் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்று 1998-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதே சிகிச்சையை எச்.ஐ.வி. இல்லாத ஒருவருக்கு நீங்களே செய்வீர்கள் என்றால் அனுப்பக் கூடாது. உங்களிடம் அந்தத் திறமையோ கருவியோ இல்லையென்றால், வேறு எவரையும் அனுப்புவது போலவே அனுப்புங்கள்: முதலில் வலியைக் குறைத்துவிட்டு, கடிதத்தில் பல் பிரச்சினையை முன்னால் எழுதி, அங்கே ஏற்றுக்கொள்வார்களா என்று தொலைபேசியில் உறுதிசெய்துவிட்டு.

எட்டாம் படி: குத்துப்பட்டால் என்ன செய்வது என்று இப்போதே எழுதி வையுங்கள்

திட்டம் இல்லாத கிளினிக்கில்தான் பயம் அதிகம். குத்துப்பட்ட இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவுசெய்வார். தேவையென்றால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் எடுக்க வேண்டும். இரவிலும் விடுமுறையிலும் அந்த மருந்து எங்கே கிடைக்கும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை எண்ணோடு ஒரு தாளில் எழுதி, கருவிகளைக் கழுவும் இடத்துக்கு மேலே ஒட்டுங்கள். ஊசி மூடியை இரண்டு கையால் மாட்டும் பழக்கத்தையும் அன்றே நிறுத்துங்கள். பெரும்பாலான குத்துகளை முன்கூட்டியே தவிர்க்க முடியும்.

அப்புறம், சக ஊழியர் ஒருவர் மட்டும் இரண்டாவது கையுறையை எடுக்கிறார் என்றால், நோயாளி முன் எதுவும் சொல்லாதீர்கள். பிறகு தனியாகக் கூப்பிட்டு அவருடைய பயம் என்ன என்று முதலில் கேளுங்கள். தடுப்பூசி போட்டிருக்கிறாரா, குத்துப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பல நேரம் பதில் "இல்லை" என்றுதான் வரும். அப்போது அந்தத் தாளின் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்து, தடுப்பூசிக்கு நாள் குறித்துவிடுங்கள்.